மூன்று வாரமாக இறங்காத உலக்கை

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தங்கள் தம்பி மகன் எழுதிக்கொள்வது. இங்கு நான், அம்மா, அப்பா, மாடிக் குழாய் அனைவரும் ஒழுகாமல் நலம். தங்கள் நலத்தையும், மூன்று மாதத்துக்கு முன் டாக்டர்கள் திறந்து மூடிய தங்கள் இதயத்தின் நலத்தையும் அறிய ஆவல். என் போனை எடுப்பதில்லை என்று தாங்கள் முடிவெடுத்துவிட்டதால் இக்கடிதம். மூன்று வாரமாகத் தாங்கள் ஞாயிறு விளையாட்டுக்கு வராததற்கு நானே காரணம். இதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஐந்தாவது வரியில் ஒப்புக்கொள்கிறேன்.

கடிதத்தைப் பெரியம்மாதான் முதலில் பிரிப்பார் என்பதால் அவருக்கு ஒரு விளக்கம். பெரியம்மா, இது சூதாட்டம் கிடையாது. சலவைக்கடை மாடியில மேஜையைச் சுத்தி உக்காருவோம். நான் கதை சொல்வேன். பெரியப்பா, சலவைக்கடை அக்கா, ஒரு பல் டாக்டர், ஒட்டடைக்குச்சின்னு நாங்க கூப்பிடுற லிப்ட் மெக்கானிக், இவங்க ஆளுக்கொரு பாத்திரம். "பாலத்துல அரக்கன் உலக்கையோட நிக்கிறான், என்ன பண்றீங்க?"ன்னு கேப்பேன். அவங்க சொல்றது பலிக்குமா பலிக்காதான்னு இருபது முகம் உள்ள பகடையை உருட்டிப் பாப்போம். எதுக்கு எத்தனை விழணும்னு ஒரு விதிப் புத்தகம் இருக்கு. அதை அட்டை முதல் அட்டை வரைக்கும் படிச்ச ஒரே ஆள் உங்க வீட்டுக்காரர். கதை சொல்ற நான் பாதிதான் படிச்சிருக்கேன். காலேஜையும் அப்படித்தான் படிச்சேன்.

இனி விஷயத்துக்கு வரேன் பெரியப்பா. அன்னிக்கு உங்க பாத்திரம், அந்தக் கிழட்டு வாயிற்காவலன், என்ன பண்ணான்? மத்த மூணு பேரும் தப்பிச்சு ஓடட்டும்னு பாலத்துல தனியா நின்னான். பதினொண்ணுக்கு மேல விழுந்தா உலக்கை உங்க தலையில. எனக்கு மட்டும் தெரியுற மாதிரி அட்டைத் தடுப்புக்குப் பின்னால உருட்டினேன். பத்தொம்போது. எனக்கு உங்க நெஞ்சுல இருக்கிற தையல்தான் ஞாபகம் வந்துச்சு. "நாலு! உலக்கை தவறிடுச்சு!"ன்னு கத்திட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. நீங்க மட்டும் என் முதுகுக்குப் பின்னால இருந்த கண்ணாடி பீரோவையே பாத்துட்டு இருந்தீங்க.

"திருப்பிச் சொல்லுடா, எத்தனை?"

"நாலு பெரியப்பா. தப்பிச்சிட்டீங்க!"

"கண்ணாடியில இடம் வலம் மாறும். நாலு பத்தொம்போதா மாறாது."

பல் டாக்டர் சமாதானத்துக்கு வந்தார். "கதைக்காகத்தானே சார், விடுங்க."

"வீட்ல கேரம்ல என்னை ஜெயிக்க விடுறாங்க. காய் தானா விழுந்தாலும் கை தட்டுறாங்க. ரிப்போர்ட்டைக் கண்ணுல காட்டாம நல்லாருக்கு நல்லாருக்குங்கறாங்க. இங்க ஒரு இடத்துலதான் நான் நிஜமா தோப்பேன்னு நம்பி வந்தேன்."

சொல்லிட்டு, உங்க பாத்திரம் எழுதின தாளை நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு இறங்கிப் போயிட்டீங்க.

எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஒரு ஆளைக் காப்பாத்தினது குத்தமா? விதியே வேணாம், வெறும் கதையே போதும்னு அடுத்த ஞாயிறு புத்தகத்தைத் தூக்கி அலமாரி மேல போட்டேன். பல் டாக்டர் பறந்தார். ஏன் சார்னு கேட்டா, "தோணுச்சு"ங்கறார். சலவைக்கடை அக்கா அரக்கனை சோப்புத் தண்ணியில ஊறப் போட்டு, அலசி, கொடியில காயப் போட்டுட்டாங்க. லிப்ட் மெக்கானிக் ஒட்டடைக்குச்சி நாலே நிமிஷத்துல ராஜாவாயிட்டான். மூணரை மணிக்கெல்லாம் எல்லார்கிட்டயும் எல்லாமும் இருந்துச்சு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருந்தோம். "பயமே இல்லையே தம்பி. நான் கீழ போய் நாலு சட்டை தேய்ச்சிட்டு வரேன்"னு அக்கா எழுந்து போயிட்டாங்க.

சரின்னு அதுக்கடுத்த வாரம் முழுக்க விதி. ஒரு கதவு, பெரியப்பா, ஒரே ஒரு கதவு. மரத்தோட கனம், துருவோட வயசு, இடிக்கிற ஆளோட தோள்வலி, எல்லாத்துக்கும் தனித்தனியா உருட்டணும். நூத்திப் பன்னெண்டாம் பக்கம் நாப்பத்தேழாம் பக்கத்தைப் பாருங்குது. நாப்பத்தேழு நூத்திப் பன்னெண்டைப் பாருங்குது. ரெண்டு மணி நேரம். "நிஜக் கதவையே நான் அஞ்சு நிமிஷத்துல திறப்பேன்டா!"ன்னு ஒட்டடைக்குச்சி அழுதுட்டான். பல் டாக்டர் வாயைத் திறந்து தூங்கினார். அக்கா எட்டிப் பாத்து, "இவருக்கே மூணு பல்லு அடைச்சிருக்கு"ன்னாங்க. அன்னிக்கு நடந்த ஒரே சுவாரசியம் அதுதான்.

அந்தக் கதவு முன்னாடி உக்காந்திருந்தப்பதான் எனக்கு உறைச்சுது. நான் காலேஜை விட்டு வந்தப்ப வீட்ல எல்லாரும் தடவிக் கொடுத்தாங்க. வாத்தியார் சரியில்ல, நேரம் சரியில்ல, பெஞ்ச் சரியில்ல. நீங்க ஒருத்தர்தான் "தோத்துட்டியா?"ன்னு கேட்டீங்க. ஆமான்னேன். "சரி, அடுத்து என்ன?"ன்னீங்க. அன்னிக்குத்தான் நான் வயிறு நிறைய சாப்பிட்டேன். நீங்க எனக்குச் சரியான எடை போட்டீங்க. முப்பத்திரண்டு வருஷம் கடை கடையா ஏறித் தராசுக்கு முத்திரை குத்தின மனுஷனுக்கு நான் கள்ள எடை போட்டிருக்கேன்.

அதனால இப்ப புதுச் சட்டம். அட்டைத் தடுப்பைக் கிழிச்சாச்சு. அக்கா அதைச் சட்டைக் காலருக்குள்ள வெச்சு அனுப்பிட்டாங்க. இனிமே உருட்டுறதுக்கு முன்னாடி, விழுந்தா என்ன, விழலைன்னா என்னன்னு வாய்விட்டுச் சொல்லிடுவேன். ரெண்டுல ஒண்ணு தாங்காதுன்னா உருட்டவே மாட்டேன், கதையா சொல்லிட்டுப் போயிடுவேன். உருட்டிட்டா வந்தது வந்ததுதான். நீங்க சாகுறீங்களா இல்லையாங்கறது பகடையோட வேலை. எப்படிச் சாகுறீங்கங்கறது என் வேலை. அதுல என்னை அடிச்சுக்க ஆளில்ல.

அரக்கன் இன்னும் அதே பாலத்துல உலக்கையை ஓங்கிட்டு நிக்கிறான். மூணு வாரம். அவன் கையும் வலிக்கும்ல. ஞாயிறு மூணு மணிக்கு வாங்க. உங்க கண்ணெதிரே, நடு மேஜையில உருட்டுறேன். பதினொண்ணுக்கு மேல விழுந்தா நீங்க காலி. காப்பாத்த மாட்டேன். சத்தியம்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். இனி கேரமில் தங்களை இரக்கமின்றித் தோற்கடிக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் இதயம் நூறாண்டு கள்ளமில்லாமல் துடிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
படிப்பைப் பாதியில் விட்டாலும் கதையை விடாத
தங்கள் தம்பி மகன்

பி.கு.: கவரை ஒட்டப் போறப்ப மூணு பேரும் வந்தாங்க. புதுச் சட்டத்தை ஒரு தடவை சோதிச்சுப் பாப்போம்னாங்க. உங்களுக்காக நடு மேஜையில உருட்டினேன். இருபது. செத்துட்டீங்க. அக்கா மூக்கை உறிஞ்சினாங்க. உடனே நான் விதிப் புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல, "ஆட்டக்காரர் இல்லாதபோது விழுந்த பகடை செல்லாது"ன்னு பேனாவால ஒரு விதி எழுதிட்டேன். மை இன்னும் காயல. ஆனா மறைக்காம சொல்லிட்டேன், பாத்தீங்களா? அந்த விதி தப்புன்னா நேர்ல வந்து உங்க கையால அடிங்க. பேனா நான் தர மாட்டேன், நீங்களே கொண்டு வாங்க.