ஒரே ஒரு தடவை டாட்டா

நேத்து எனக்கிருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பொண்ணைக் கொண்டுபோயி மாண்டிசோரி ஸ்கூல்ல அரை மணி நேரம் உட்டுப்போட்டு வரோணும்.

பொண்ணு பேரு யாழினி. ரெண்டே முக்கால் வயசு. சீட்டு குடுக்கறதுக்கு முன்னாடி, குழந்தை ஸ்கூலுக்கு ரெடியான்னு அரை மணி நேரம் உள்ள வெச்சுப் பாப்பாங்களாம். ரெடின்னா சீட்டு. இல்லைன்னா அடுத்த வருசம் வாங்கன்னு அனுப்பிருவாங்க.

அடுத்த வருசம்னு சொல்லிட்டா எங்க ஊட்டுல கதை கந்தல். என் சம்சாரம் கவிதாவுக்கு பீளமேட்டுல ஐ.டி. ஆபீஸ். குழந்தைக்காக லீவு மேல லீவு போட்டாச்சு. வர்ற திங்கக்கிழமை வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்குவோம்னு சொல்லிப்போட்டாங்க. சீட்டு கிடைக்கலைன்னா அவ வேலைக்கு வேட்டு.

நான் சும்மா இருப்பனா? பம்புசெட் கம்பெனில குவாலிட்டி செக்கிங்ல இருக்கறவன். டெஸ்ட் பண்ணாம ஒரு நட்டைக்கூட வெளிய உட மாட்டேன். குழந்தை ரெடியான்னு கண்டுபிடிக்கற அறிகுறியெல்லாம் செல்போன்ல தேடி லிஸ்ட் போட்டு, ஒரு வாரமா கோச்சிங்.

தானா சாப்பிடறாளா? டிக். பாதி தரைக்கு, பாதி வாய்க்கு. பரவால்ல.

தானா செருப்பு போடறாளா? டிக். இடது வலது மாறித்தான் போடுவா. ஆனா போடுவா.

ஒண்ணுக்கு வந்தா சொல்றாளா? டிக். அன்னிக்கு கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கிட்டயே சொன்னா!

அப்பா அம்மா இல்லாம கொஞ்ச நேரம் இருப்பாளா? இதுலதான் டவுட்டு. "அப்பா போயிட்டு வாரேன் அம்மணி"ன்னு சொல்லிட்டு பாத்ரூமுக்குள்ள போயி ஒளிஞ்சேன். பத்து நிமிசம் நிக்கறதா திட்டம். மூணாவது நிமிசமே எனக்கு இருப்பு கொள்ளலை. கதவைத் தொறந்து எட்டிப் பாத்தா, வெங்காயக் கூடையைக் கவுத்துப்போட்டு ஒண்ணொண்ணா அடுக்கிட்டிருக்கா. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை.

அதுக்கும் ஒரு டிக்.

கிளம்பும்போது கவிதா சொன்னா, "ஏனுங்க, போனமா, உட்டமா, வந்தமான்னு இருக்கோணும். ஒறம்பரை ஊட்டுல இருந்து கெளம்பற மாதிரி அங்கயே நின்னுட்டிருக்காதீங்க."

அவ சொன்னதுலயும் நியாயம் இருக்குதுங்க. எங்க சனத்துக்கு சொந்தக்காரங்க ஊட்டுல இருந்து கிளம்பறதே பெரிய வேலை. சோபால இருந்து எந்திரிக்கும்போது ஒருக்கா "அப்ப வரட்டுங்களா". வாசப்படில ஒருக்கா. செருப்பு போடும்போது ஒருக்கா. ஸ்டார்ட் பண்ணின வண்டியை ஆஃப் பண்ணிட்டு, "ஆமா, பல்லடத்துல பெரியப்பா நல்லா இருக்காருங்களா"ன்னு ஆரம்பிச்சா இன்னும் கால் மணி நேரம். சொல்லாம பட்டுன்னு போயிட்டா, அவனுக்கு என்ன கோவமோன்னு ஒரு மாசம் பேசுவாங்க.

ஸ்கூலுக்குப் போயாச்சு. அங்க டீச்சரை ஆன்ட்டின்னுதான் கூப்பிடோணுமாம்.

ஆன்ட்டி ரூல் சொன்னாங்க. "சார், ஒரே ஒரு தடவை டாட்டா சொல்லுங்க. எப்ப வருவீங்கன்னு சொல்லுங்க. அப்புறம் திரும்பிப் பாக்காம கிளம்பிருங்க. திரும்பத் திரும்ப வந்தா குழந்தைங்க கலங்கிப் போயிருவாங்க."

"அதுக்கென்னங்க ஆன்ட்டி, ஜோராப் பண்ணிறலாம்"னேன். அவங்களுக்கு என்னைவிட எட்டு வயசாவது கம்மியா இருக்கும். நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

யாழினிகிட்ட குனிஞ்சேன். "அம்மணி, அப்பா அரை மணி நேரத்துல வந்துருவேன். டாட்டா."

"டாட்டாப்பா."

அவ்வளவுதான். உள்ள போனா. ஆன்ட்டி காட்டின பாய்ல உக்காந்தா. ஒரு ஜக்குல இருந்து இன்னொரு ஜக்குக்குத் தட்டைப்பயிறை ஊத்த ஆரம்பிச்சுட்டா.

அழுவான்னு நெனச்சேன். அழலை. நல்ல விசயந்தானே? நல்ல விசயந்தான். உங்ககிட்ட மறைக்கறதுக்கென்ன, எனக்குக் கொஞ்சம் வலிச்சுது.

கேட்டுக்குப் பக்கத்துல ஸ்கூல் ஆயாம்மா நின்னாங்க. "வரட்டுங்களா"ன்னேன். "வாங்க சார்"ன்னாங்க. அப்பத்தான் சுருக்குன்னுச்சு. ஆன்ட்டிகிட்ட சொல்லவே இல்லையே! டாட்டா குழந்தைக்குத்தானே? பெரியவங்ககிட்ட சொல்லாம வந்தா மரியாதையா இருக்குமா?

திரும்பிப் போனேன்.

"ஆன்ட்டி, அப்ப நான் வரட்டுங்களா?"

உள்ள இருந்த மத்த பன்னெண்டு குழந்தைங்களும் நிமிந்து பாத்துச்சு. ஒண்ணு கையை ஆட்டுச்சு. நானும் ஆட்டினேன். உடனே பன்னெண்டும் ஆட்டுச்சு. ஒருத்தருக்கு ஆட்டி ஒருத்தருக்கு ஆட்டாம இருந்தா நல்லா இருக்காதுன்னு பன்னெண்டு பேருக்கும் தனித்தனியா ஆட்டினேன். யாழினி மட்டும் பயித்துலயே கண்ணா இருந்தா.

"சரிங்க சார். கிளம்புங்க."

வண்டிகிட்ட வந்தா, தண்ணி பாட்டில் அங்கயே தொங்குது! எடுத்துட்டு ஓடினேன்.

"இங்கயே தண்ணி இருக்குதுங்க சார்."

"இது காச்சின தண்ணிங்க."

வாங்கிக்கிட்டாங்க. "அப்ப வரட்டுங்களா?" மறுபடியும் எல்லாக் கையும் ஆடுச்சு. நீலச்சட்டை போட்ட ஒரு பொடியன் மட்டும் ஆட்டாம உதட்டைப் பிதுக்கினான். நான் கண்டுக்கலை. கண்டுக்கிட்டிருக்கோணும்.

வண்டிக்கு வந்தேன். சாவியைக் காணோம். பாட்டில் குடுக்கற அவசரத்துல அங்க ஷெல்ஃப்ல வெச்சுப்போட்டேன்!

மூணாவது தடவை என் தலை கதவுல தெரிஞ்சதுமே நீலச்சட்டை "எங்கப்பா எங்கே"ன்னு ஓன்னு அழுதான். அவனைப் பாத்து பக்கத்துல ஒண்ணு. அதைப் பாத்து இன்னும் ரெண்டு. ஒரே நிமிசத்துல அடுக்கி வெச்ச கட்டையெல்லாம் சரிஞ்சு, பன்னெண்டு பேரும் அவங்கவங்க அப்பாவைக் கேட்டு ஒப்பாரி!

ஆன்ட்டி மடியில ரெண்டு. ஆயாம்மா இடுப்புல ஒண்ணு. நானும் சும்மா நிக்காம நீலச்சட்டையைத் தூக்கி, "அப்பா வந்துருவாருங்க கண்ணு"ன்னு தட்டிக் குடுத்தேன். அவன் என் சட்டைல மூக்கைத் தொடச்சுட்டு இன்னும் சத்தமா அழுதான்.

போச்சு. சீட்டும் போச்சு, கவிதா வேலையும் போச்சு. ஆறு வருசமா பாத்துப் பாத்து முன்னேறின வேலை. நான் ஒரு சாவியை வெச்ச எடத்துல முடிஞ்சுது. சத்தியமாச் சொல்றேன், எனக்கும் கண்ணுல தண்ணி முட்டிருச்சு.

அப்ப யாழினி எந்திரிச்சா. ரெண்டு ஜக்கையும் தட்டுல வெச்சா. தட்டைத் தூக்கிட்டுப் போயி எடுத்த எடத்துலயே வெச்சா. அந்த ஷெல்ஃப்ல இருந்த சாவியை எடுத்துட்டு என்கிட்ட வந்தா.

"இந்தாங்கப்பா. அழுகாதீங்க. அம்மணி அரை மணி நேரத்துல வந்துருவேன்."

என் விரலைப் புடிச்சு கதவு வரைக்கும் கூட்டிட்டு வந்து உட்டா. "டாட்டா." ஒரே ஒரு தடவை. திரும்பிப் பாக்காம உள்ள போயிட்டா.

அதுக்கப்புறம் நான் எட்டிக்கூடப் பாக்கலை. பாக்க முடியாது. ஆயாம்மா கேட்டைச் சாத்திப்போட்டாங்க.

அரை மணி நேரம் கழிச்சு ஆன்ட்டி ஃபாரத்தோட வெளிய வந்தாங்க. முடி கலைஞ்சிருந்துச்சு. துப்பட்டால பயிறு ஒட்டியிருந்துச்சு.

"சார், யாழினி விசயத்துல எனக்கு ஒரு டவுட்டும் இல்லீங்க. திங்கக்கிழமையே சேத்திருங்க."

எனக்கு உசுரு வந்துச்சு. குவாலிட்டி செக்கிங்னா சும்மாவா! என்ன கோச்சிங் குடுத்தீங்கன்னு கேப்பாங்கன்னு நின்னேன். கேக்கலை.

ஃபாரத்துல, குழந்தையை தினமும் கொண்டுவந்து விடறவங்க பேருக்கு ஒரு கட்டம் இருந்துச்சு. என் பேரை எழுத பேனாவைத் தொறந்தேன்.

அந்தக் கட்டத்தை மட்டும் அவங்களே எழுதி வெச்சிருந்தாங்க. "அம்மா மட்டும்." அடியில ரெண்டு கோடு.