இடம் மாறிய கோபுரம்

சங்கு ஊதியது. மீன் வந்துவிட்டதென்று கிரனடாவின் அந்த மீனவ ஊரே கூடைகளோடு கரைக்கு ஓட, மீனைப் பிடித்து வந்த அல்பன் மட்டும் படகை அப்படியே விட்டுவிட்டு எதிர்த்திசையில் ஓடினான்.

போட்டிப் படகுக்காரன் காஸ்மஸ் சிரித்தபடி சொன்ன செய்திதான் காரணம். "உன் படகுல உக்காந்து அந்தப் படம் வரையற பொண்ணு யூலாலி வரைஞ்சதை நாளைக்கு மீனவர் திருவிழாவுல கோயில்ல மாட்டறாங்களாமே! நாங்கல்லாம் முன்வரிசைதான்."

யூலாலி வீட்டு மேஜையில் நீர்வண்ணப் படம் காய்ந்துகொண்டிருந்தது. வலை இழுக்கும் படகுகள், கரை, ஒரு சிவப்புக் கூரை வீடு, கறுப்புப் பாறை. பாறைக்கு நேர் மேலே மாதா கோயில் கோபுரம்.

"அடிமடியிலேயே கை வெச்சிட்டியே, தங்கச்சி!"

"ஏண்ணே, நல்லா இல்லையா?"

"அச்சு அசலா இருக்கு. அதான் வினையே! பாறைக்கு நேரா கோபுரம் தெரியற இடத்துலதான் எனக்குச் சங்கரா மீன் மாட்டுது. பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல. இதைப் பார்த்தான்னா, மறுநாளே காஸ்மஸ் படகு அங்கே நிக்கும். என் பொழப்பு போச்சு! கோபுரத்தை அழி!"

"வாட்டர்கலரை அழிக்க முடியாதுண்ணே."

"மேகம் போட்டு மூடு!"

மூடினாள். ஈரம் வழிந்து, கோபுரம் சாம்பல் புகையாகக் கலங்கியது.

"கோயில் தீப்பிடிச்ச மாதிரி இருக்கே! தென்னை மரமாக்கிடு."

ஆக்கினாள். பாறைமேல் பூதம்போல ஒரு தென்னை. பார்த்தவுடன் கண் அங்கேதான் போயிற்று.

"கோயில் எங்கேன்னு ஃபாதர் கேட்டா?" என்றாள் யூலாலி.

அல்பனுக்கு வியர்த்தது. "தள்ளி, அந்தச் சிவப்புக் கூரைக்கு மேல கட்டிடு."

கட்டினாள். அல்பன் மூச்சு விட்டான். அந்த நேர்கோட்டில் எவன் வலை போட்டாலும் நெத்திலிகூடக் கிடைக்காது என்பது அவன் கணக்கு.

மறுநாள் கோயிலில் காஸ்மஸ் படத்தருகே மூக்கை வைத்துப் பார்த்தான். "கோபுரத்துக்குக் கால் முளைச்சிடுச்சா?"

"கலைடா. உனக்குப் புரியாது."

பிறகு ஃபாதர் பெனடிக்ட் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். முகம் வெளுத்தது. அல்பனையும் யூலாலியையும் கதவுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

அல்பன் கைகூப்பினான். "மன்னிச்சிடுங்க ஃபாதர், கோபுரத்தை மாத்தச் சொன்னது நான்தான்..."

"மெதுவா பேசுப்பா!" ஃபாதர் அக்கம்பக்கம் பார்த்தார். "அந்தக் கூரைக்கு நேரா கோபுரம் தெரியற இடத்துல நான் தூண்டில் போடறதை யாரு உங்களுக்குச் சொன்னது? திங்கட்கிழமையானா நான் நோயாளிங்களைப் பார்க்கப் போறதாத்தானே இந்த ஊரே நம்பிட்டிருக்கு!"