கோதுமை அண்ணையின் ஊர்ச் சரித்திரம்

இருபத்தொரு பேர் குடியிருந்த ஓர் ஊருக்கு, மூச்சு விடாமல் சொன்னாலும் நாலு மணி நேரத்துக்குக் குறையாத சரித்திரம் உண்டு என்று உலகத்துக்கு நிரூபித்தவர் கோதுமை அண்ணை. ஊர் இருந்தது சஸ்கட்சுவான் சமவெளியில். பெயரை எழுத மாட்டேன். எழுதினாலும் வரைபடத்தில் நீங்கள் கண்டுபிடிக்கப் போவதில்லை.

தொண்ணூறுகளில் மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு நாலரை வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். இங்கே வீட்டை அறைக் கணக்கில் சொல்வார்கள். அரை என்பது குளியலறை. ஐவரில் மூத்தவர் அண்ணை. கல்யாணம் கட்டாதவர். அகதியாகக் கனடாவுக்கு வந்தபோது அந்த ஊர்த் தேவாலயத்துக்காரர்கள் பொறுப்பெடுத்துக் கூட்டிப் போய், ஒரு சிறு வீட்டில் குடிவைத்திருந்தார்கள். நாலு வருடம் கோதுமைக் களஞ்சியத்தைக் கூட்டிப் பெருக்கினார். களஞ்சியத்தை மூடியதும் வேலை தேடி எங்களிடம் வந்து சேர்ந்தார். பெட்டியை இறக்கி வைக்க முன்பே சரித்திரம் ஆரம்பித்துவிட்டது.

ஒருநாள் கோத்-வெர்த்து நிலையத்தில் மெட்ரோ ஏறியவர், பக்கத்தில் இருந்த ஒரு பிரெஞ்சு மூதாட்டிக்கு, ஊரின் முதல் குடும்பம் மாட்டு வண்டியில் வந்ததில் தொடங்கி, கிணறு வெட்டித் தண்ணீர் கண்டது வரை தன் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் மருந்துக்கும் தெரியாது.

“அவ வடிவாக் கேட்டவ. ரெண்டு தரம் ‘வுய்’ எண்டு பிரெஞ்சிலை ஓமும் சொன்னவ,” என்றார் எங்களிடம் பெருமையாக.

மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணம் கனடாவிலிருந்து பிரிந்து போவதா என்று வாக்கெடுப்பு வந்த வருடம் நகரமே கொதித்தது. எங்கள் சமையலறையும் கொதித்தது. ஐவரில் வாய் கூடிய ராசன், பிரிந்தால் எங்கள் அகதிப் பத்திரங்கள் என்னாகும் என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

“உதெல்லாம் எங்கடை ஊரிலை எப்பவோ நடந்து முடிஞ்சுது,” என்றார் அண்ணை. “ஐஸிலை சறுக்கி விளையாடுற திடல் தேவாலயத்துக்கு வடக்கையோ தெற்கையோ எண்டு சண்டை. பிரிஞ்சு போய் ரெண்டு திடல் போட்டவை.”

“பேந்து?”

“பேந்தென்ன, பனி விழுந்தது. ஹொக்கி விளையாட ரெண்டு பக்கமும் ஆள் காணாது. சேர்ந்திட்டினம்.”

அந்த வாரம் தொலைக்காட்சியில் பேசிய எந்த நிபுணரும் இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை.

பிறகு ஒருநாள் அண்ணையின் சஸ்கட்சுவான் ஊரிலிருந்து கடிதம் வந்தது. அந்தச் சமவெளிச் சிற்றூர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் இனி நிலைக்காது என்று தெரிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரு சரித்திரப் புத்தகம் போடுவார்கள். குடும்பத்துக்கு ஒரு பக்கம். தங்கள் கதையைத் தாங்களே எழுத வேண்டும். கூடவே வாசலில் நின்று எடுத்த குடும்பப் படமும் அனுப்ப வேண்டும். ரயில் பாதையைக் கழற்றப் போகிறார்கள் என்றதும் அண்ணையின் ஊரும் புத்தகம் போடக் கிளம்பிவிட்டது.

அண்ணை தமிழில் நாற்பத்தாறு பக்கம் எழுதினார். ஆங்கிலத்தில் மாற்றுவது என் தலையில் விழுந்தது. வாசித்துப் பார்த்தால், ஊரில் உள்ள நாய்கள் உட்பட எல்லோரும் இருக்கிறார்கள்; அவரைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

“கூட்டினவனிட்டை என்ன கதை கிடக்கு?” என்றார்.

நான் அவர் களஞ்சியம் கூட்டிய கதையைக் கேட்டு எழுதி, மற்றதையெல்லாம் வெட்டி ஒரு பக்கமாக்கினேன். அண்ணை மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. வீட்டில் மற்ற மூவரும் எனக்குத் தனித்தனியே நன்றி சொன்னார்கள்.

நாலாம் நாள் அவரே வந்தார். குரல் இறங்கியிருந்தது.

“தம்பி, குடும்பப் படம் எண்டெல்லோ கேட்டிருக்கினம். தனி ஆளைச் சேர்ப்பினமோ? அந்தப் புத்தகத்திலை நான் இல்லாட்டி, நானும் அங்கை இருந்தனான் எண்டு ஆர் சொல்லுறது?”

அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ராசன்தான் எழும்பினான்.

“அப்ப நாங்கள் என்ன செத்தே போனம்? கமராவை எடுங்கோ அண்ணை.”

வாசல் பனியில் கதிரை போட்டு அண்ணை இருந்தார். பின்னால் நாங்கள் நால்வரும் கோட்டும் டையுமாக நின்றோம். இடுப்புக்கு மேலேதானே விழும் என்று ராசன் கீழே வீட்டில் கட்டும் சாரத்தோடு நின்றான். படம் எடுத்த பக்கத்து வீட்டுக் கிரேக்கர் நல்ல மனிதர். பின்னால் பின்னால் போய் ராசனைச் சாரத்தோடு முழுதாக எடுத்துவிட்டார். பிலிம் ரோலில் அதுவே கடைசிப் படம். வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினோம்.

“எங்களை என்னெண்டு எழுதுறது?” என்று கேட்டேன்.

“நாலு தம்பிமார் எண்டு எழுதும்.”

எங்களில் ஒருவர் மதுரைக்காரர். அவரும் அன்று தம்பியானார்.

பனி கரைந்து, வெயில் வந்து, இலை உதிர்ந்தது. அண்ணை தபால் பெட்டியை நாளுக்கு நாலு தரம் திறந்து பார்த்தார். ஒருவழியாகப் புத்தகம் வந்தபோது அதைத் திறக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

“நீர் பாரும்.”

‘ஊரைவிட்டுப் போனவர்கள்’ என்ற பகுதியை எடுத்து, பெயர் பெயராகப் பார்த்தேன். அண்ணை இல்லை. இன்னொரு முறையும் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது.

“பரவாயில்லை. கன சனம்தானே, இடம் காணாமப் போயிருக்கும்,” என்றார்.

ராசன் புத்தகத்தைப் பறித்து, பின்னால் இருந்து புரட்டிக்கொண்டு வந்தான். ‘இப்போது ஊரில் இருப்பவர்கள்’ என்ற பகுதியில் நின்றான். அங்கே ஒரு முழுப் பக்கத்தில், சாரம் உட்பட, நாங்கள் ஐந்து பேரும் இருந்தோம். நான் எழுதியதன் கீழே ஊர்க்காரர்கள் இரண்டு வரி சேர்த்திருந்தார்கள். அதை அண்ணைக்குத் தமிழில் வாசித்தேன்: “தம்பிமாருடன் தற்சமயம் வேலைக்காக மொன்றியலில் தங்கியிருக்கிறார். வீட்டுச் சாவி தேவாலயத்தில் பத்திரமாக இருக்கிறது.”

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். திரும்பவும் கழற்றினார். அந்த மனிதர் பேசாமல் இருந்தது எங்கள் நால்வருக்கும் தாங்கமுடியாமல் இருந்தது.

ராசன்தான் தொண்டையைச் செருமினான். “அண்ணை, எங்கடை ஊரிலை இப்ப என்ன குளிர் இருக்கும்?”

அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் மாட்டு வண்டியிலிருந்து தொடங்கினார். ஒருவரும் எழும்பிப் போகவில்லை. அன்று அவர் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இப்போதும் இருக்கிறது.