ஈஸ்டுக்கு ஒரு தூளி

கரண்ட் இல்லை. ஆட்டும் மெஷின் நின்றிருந்தது. அதன்மேல் இருந்த குடுவையைத் தொட்ட நெடுஞ்செழியன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். சுட்டது.

தஞ்சாவூருக்கு வெளியே இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் ஈஸ்டுக்குத் தீனி போட்டு இன்சுலின் எடுக்கிறார்கள். ஈஸ்டும் பூஞ்சைதான். சூடு ஏறினால் செத்துவிடும். ஆட்டுவதை நிறுத்தினால் மூச்சு முட்டும். விடிய விடிய அதைக் காப்பதுதான் அவன் வேலை. அவனோ, ஊரில் நாற்றங்காலுக்கு முறைத்தண்ணீர் வந்துவிட்டதென்று நேற்று பொழுது சாய்ந்ததுமே நழுவி, மடையைத் திறந்துவிட்டு, காலில் சேற்றோடு இப்போதுதான் வந்திருக்கிறான். கூடத்தை நடத்தும் சுடர்விழி மேடத்துக்குத் தெரிந்தால் இன்றோடு வேலை போச்சு.

பகல் காவலுக்கு அப்போதுதான் வந்த இராஜாங்கம் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஜெனரேட்டரைப் போடுங்கண்ணே!"

"டீசலை உங்கப்பாவா ஊத்தி வச்சிருக்காரு?"

குடுவைக்கு ஈரத்துண்டைச் சுற்றினான். சூடு தணிந்தது. தணிந்து சில்லிட்டும் போனது. துண்டை உருவி எறிந்துவிட்டு, குடுவையைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டு குதித்தான்.

"சாமி வந்திருச்சா?"

"இது ஆடிக்கிட்டே இருக்கணும்ண்ணே."

"அதுக்கு ஒரு தூளியைக் கட்டேன். என் புள்ளைங்க எல்லாம் அதுலதான் வளர்ந்துச்சு."

வயலுக்குக் கட்டிப்போய்ப் பையில் சுருட்டி வந்த, சேறு காயாத கைலி ஜன்னல் கம்பியில் தூளியாகத் தொங்கியது. வேகவேகமாக ஆட்டினான். நுரை பொங்கி, குடுவையின் வாயில் அடைத்திருந்த பஞ்சைத் தள்ளிக்கொண்டு தரையெல்லாம் வழிந்தது.

"பொங்குதுண்ணே! உசுரு இருக்கு!"

கைக்குக் கிடைத்ததை இழுத்துத் தரையைத் துடைத்தான். அது மேடத்தின் வெள்ளைக் கோட்டு என்பது துடைத்த பிறகுதான் தெரிந்தது. அதை மேசைக்கு அடியில் உதைத்துத் தள்ளும்போது வாசலில் கார் நின்றது.

சுடர்விழி உள்ளே வந்து தூளியைப் பார்த்தார். அவன் காலையும் பார்த்தார்.

"ராத்திரி பூரா இங்கதான் இருந்தீங்களா?"

"கண்ணை மூடலங்க மேடம். கரண்ட் போனதுலேருந்து கையாலதான் ஆட்டுறேன். பெத்த புள்ளை மாதிரி பாத்துக்கிட்டேன். ஒரு குறையும் இல்லை."

டீ குடித்துவிட்டுத் திரும்பிய, குடுவை கழுவும் சைத்தூன் பீவி வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தூளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"விடியக்காலமே மேடம் வந்து மருந்தை வடிச்சுக்கிட்டாங்களே தம்பி, கீழ கொட்டுறதுக்காக நான் குக்கர்ல அவிச்சு மெஷின்மேல ஆற வச்ச சக்கைக்கா தூளி கட்டியிருக்கீங்க?"