ஒரு கடைக்கு ஒரே வகை

'இந்த இடத்தில் ரொட்டிக் கடை எதுவும் இல்லை' என்று யாரோ ஒரு சைக்கிள்காரர் வரைபடத்தில் குறிப்பு எழுதிவிட்டுப் போயிருந்தார். டீட்ஸ் அதை மூன்று முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்காவது முறையும் படித்தார்.

கெர்னோட் டீட்ஸ் நில அளவைத் துறையில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். ஆளுக்குக் கொஞ்சமாகச் சம்பளமில்லாமல் இணையத்தில் வரைகிறார்களே, அந்த வரைபடத்தில் வேசர் ஆற்றின் இரு கரைகளும் அவர் பொறுப்பு. யாரும் கொடுத்ததில்லை, அவரே எடுத்துக்கொண்டது. ஒரு கடைக்கு ஒரே வகை. அலமாரியில் எந்தப் பொருள் அதிக நீளம் பிடித்திருக்கிறதோ அதுதான் அந்த வகை. இதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

இந்த விதிக்குள் அடங்காமல் படுத்தியது அக்கரையில் ரோஸ்விதா லோமனின் கடைதான். ரொட்டி, செய்தித்தாள், கம்பளி நூல், தூண்டிலுக்கு மண்புழு, எல்லாம் ஒரே அறையில். வரைபடத்தில் அதை ரொட்டிக் கடை என்று போட்டு வைத்திருந்தார். போதாததற்கு மார்ச் மாதம் அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

"ஆளே வர்றதில்லை, ஹெர் டீட்ஸ். இழுத்துப் பூட்டிட்டு பிரேமன்ல பொண்ணு வீட்டோட போயிடலாம்னு பாக்கறேன்."

போகக் கூடாது என்று டீட்ஸுக்கு இருந்தது. ஏன் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வரைபடத்தில் கடை சரியாக இருந்தால் ஆள் வரும், ஆள் வந்தால் அந்த அம்மாள் இருப்பார். இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அவருக்கு அக்கரை அளக்கும் நாள். எட்டு வருஷமாக அப்படித்தான். மற்ற கிழமைகளுக்கு மற்ற ஊர்கள். பத்து மணிப் படகில் ஏறினார். படகுக்காரன் ஹைகோ வாயைத் திறப்பதே அபூர்வம். அன்றும் திறக்கவில்லை.

கடை திறந்திருந்தது. மேஜைமேல் காபி தயாராக இருந்தது, இரண்டு கோப்பையில்.

"ரொட்டிக் கடையே இல்லைன்னு எவனோ எழுதியிருக்கான், ஃப்ராவ் லோமன்."

எட்டு வருஷத்துக்கு அப்புறமும் ஐயா, அம்மா என்கிற மாதிரி ஹெர், ஃப்ராவ்தான். பேர் சொல்லிக் கூப்பிட இருவருமே அவசரப்படவில்லை.

"அப்படியா எழுதியிருக்காங்க?" அந்த அம்மாள் வழக்கமான ஆறு ரொட்டியைப் பையில் போட்டார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அளந்துதான் சொல்லணும்."

அளந்தார். ரொட்டி அரை மீட்டர். மண்புழு டப்பா எண்பது சென்டிமீட்டர்.

"கோளாறு இங்க இருக்கு," என்றார் டீட்ஸ். "ரொட்டிக் கடைன்னு தேடி வந்தவன் மண்புழுவைப் பாத்தா, இல்லைன்னுதானே எழுதுவான்?"

அன்று மாலையே வரைபடத்தில் அது தூண்டில் கடையாயிற்று. ரொட்டியைப் பிட்டுத் தின்றபடி மாற்றினார். தன் ஊர் ரொட்டியை வாயில் வைக்க முடியாது, இதுவல்லவோ ரொட்டி என்பது அவருடைய நெடுநாள் அபிப்பிராயம்.

ஒன்பதாம் நாள் அடுத்த குறிப்பு வந்தது. 'ஐம்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தேன். தூண்டில் கடையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பூட்டின கதவுதான் இருக்கிறது.'

"சாப்பாட்டு நேரத்துல வந்திருப்பான்," என்று டீட்ஸ் அடுத்த செவ்வாய் விளக்கினார். "வந்ததே வந்தேன், ஒரு தடவை அளந்துடறேன்."

மண்புழு முப்பது சென்டிமீட்டருக்குச் சுருங்கியிருந்தது. கம்பளி நூல் ஒரு மீட்டர் இருபது.

"போன தடவை இப்படி இல்லையே, ஃப்ராவ் லோமன்?"

"கொஞ்சம் நகர்த்தி வச்சேன். உங்களுக்கும் அளக்க ஏதாச்சும் வேணுமில்ல?"

டீட்ஸ் சிரிக்கவில்லை. அளவு சம்பந்தப்பட்ட விஷயத்தில் அவர் சிரிப்பதில்லை. கடை கம்பளி நூல் கடையாயிற்று. பத்து நாளில், பின்னல் குழுவைச் சேர்ந்த பதினொரு பெண்கள் ஒரு வேன் பிடித்து வந்து, மழையில் நனைந்து, கூட்டாக ஒரு குறிப்பு எழுதினார்கள். அதை இங்கே எழுத முடியாது.

அதற்கடுத்த புதன்கிழமை காலையில் டில்மான் போன் செய்தான். ஹனோவரில் இருந்துகொண்டு மாநிலம் முழுக்க வரைபடத் தகராறுகளைத் தீர்த்து வைப்பவன்.

"ரொட்டி, தூண்டில், கம்பளி. அடுத்தது என்ன ஹெர் டீட்ஸ், பல் ஆஸ்பத்திரியா?"

"அளவுப்படிதான் மாத்தினேன்."

"கடையே இல்லைன்னு இத்தனை பேர் சொல்றாங்களே?"

"நேத்துக்கூட வாங்கினேன். ரொட்டி இதோ என் மேஜைமேல இருக்கு."

"உங்களைத் தவிர வேற யாராச்சும் அங்க வாங்கிப் பாத்திருக்கீங்களா?"

டீட்ஸ் தன் அளவுக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார்.

"அது என் அளவெடுப்புல வராது," என்றார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கடை திறந்திருக்கிற மாதிரி ஒரு படம் அனுப்புங்க. இல்லேன்னா வரைபடத்துலேர்ந்து எடுத்துடறேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

டீட்ஸ் போனை வைத்தார். புதன்கிழமைக்கு உரிய ஊரை எட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கைவிட்டார். காமிராவை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தார்.

படகில் வேறு யாருமில்லை. ஹைகோ அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னிக்குப் புதன்," என்றான்.

"தெரியும்பா. லோமன் கடைக்குப் போகணும்."

ஹைகோ அசையவில்லை.

"சீக்கிரம் கிளப்பு. படம் இல்லேன்னா கடையை எடுத்துடுவாங்க. கடை போச்சுன்னா அந்த அம்மா பிரேமனுக்குப் போயிடுவாங்க. அப்புறம்..." அப்புறம் செவ்வாய்க்கிழமைகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஹைகோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டான்.

"கடை ஈஸ்டரோட மூடியாச்சு, ஹெர் டீட்ஸ். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை உங்க ஊர் பேக்கரியிலேர்ந்து ஆறு ரொட்டி நான்தான் காலைல வாங்கிட்டுப் போய் அந்த அம்மாகிட்ட கொடுக்கறேன், பத்து மணிப் படகுல நீங்க வருவீங்கன்னு."