விதைச் சாமையைப் பொங்கிய நாள்

எதையாவது பார்த்தால் பார்த்தபடியே நின்றுவிடுகிற ஆளிடம் அடுப்பை ஒப்படைக்கக் கூடாது. இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுசாக இருக்கிறது. அந்த ஆள் நான்தான்.

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் பதின்மூன்று வீடுகள் உள்ள ஊர் எங்களுடையது. காலையில் தபால் பையை மாட்டிக்கொண்டு நாலு ஊருக்கு நடப்பேன். மத்தியானத்துக்கு மேல் இரண்டு ஏக்கர் காட்டில் வெள்ளாமை. நடக்கும்போது மேகம் பார்ப்பது என் வழக்கம். (ஒருநாள் அப்படியே என் ஊரைத் தாண்டிப் போய், யார் வீட்டு வாசலிலோ நின்று, "சோறு ஆயிடுச்சா?" என்று கேட்டிருக்கிறேன். அந்த அம்மா பாவம், உள்ளே கூப்பிட்டுப் போட்டார்.)

என் மனைவி மல்லிகா இதற்கு நேர் எதிர். கல்யாணமான இரண்டு வருஷத்தில் அவள் எந்தப் பொருளையும் தேடி நான் பார்த்ததில்லை. ஊர்ப் பெண்கள் குழுவுக்கு, சாமையும் புளியும் சந்தைக்கு ஏற்றிப்போக ஒரு சின்ன வண்டி வந்தது. அதைப் பெண்ணே ஓட்டட்டும் என்று முடிவு செய்தார்கள். திருவண்ணாமலையில் ஒரு மாதம் தங்கி ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு இடம். மல்லிகா பெயர் வந்தது. அன்றிலிருந்து சாப்பிடும்போது அவள் இடது கை சும்மா இருக்கவில்லை, பாயில் கியர் போட்டுக்கொண்டே இருந்தது.

குறுக்கே நின்றவர் அவள் அப்பா, என் மாமனார்.

"ஒரு மாசம் நீ போய்ட்டா மாப்ளைக்கு யாரு ஆக்கிப் போடறது? ஆம்பள அடுப்பாண்ட குந்தினு இருப்பானா?"

இதைச் சொன்னவர் சுற்றுவட்டாரத் திருவிழாக்களுக்கெல்லாம் பெரிய சமையல்காரர். எங்கள் பக்கம் சாமிக்குப் படைக்கிற சோறு ஆம்பளை கையால்தான் வேகும், பெண்கள் அண்டா பக்கம் வரக்கூடாது. அங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டம் பேசுகிறவர், வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரைத் தானாக எடுத்துக் குடித்தது கிடையாது. கோயில் அண்டா வேறு, வீட்டுச் சட்டி வேறு என்பது அவர் கட்சி.

எனக்கு ரோஷம் வந்தது. "நானே ஆக்கித் துன்னுவேன் மாமா. வெள்ளிக்கெழம வாங்க, என் கையால போடறேன்" என்றேன். (அதுவரை நான் ஆக்கியது வெந்நீர் மட்டும்.)

மல்லிகா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு வேள ஒழுங்கா ஆக்கிட்டீங்கன்னா நான் நிம்மதியா போறேன். இல்லாட்டி பேர எடுத்துடச் சொல்லிடறேன். நீங்க இங்க பட்டினி கெடக்க, நான் அங்க ஸ்டேரிங்க புடிச்சினு அழுவணுமா?"

குழுத் தலைவி சரஸ்வதியக்கா அந்த வெள்ளிக்கிழமை மத்தியான ஜீப்பில்தான் பெயர் எழுதிய தாளைக் கீழே கொண்டுபோக வேண்டும். ஆக, என் சோறு வெந்தால் மல்லிகா வண்டி ஓட்டுவாள், வேகாவிட்டால் இல்லை.

வெள்ளிக்கிழமை, ஆனி மாதத் தூறல். தபாலுக்கு லீவு சொல்லியிருந்தேன். காலையில் மல்லிகா கிளம்பும்போது சொன்னாள்: "சாமையரிசி மூலையில டப்பால கீது. மொச்சக்கொட்ட ஊற வச்சிருக்கேன். அக்காவ இட்டுனு மத்தியானம் வர்றேன்." எந்த மூலை என்று கேட்க நிமிர்ந்தேன். வாசலில் அவள் இல்லை, மேகம்தான் நின்றது.

முதலில் கைக்கு எட்டியது துணி கட்டிய ஒரு மண்பானை. உள்ளே சாமை இருந்தது. கொஞ்சம் நிறம் மங்கல், கொஞ்சம் சாம்பல், நடுவில் காய்ந்த இலைகள். என்ன ஒரு முன்யோசனை, கறிவேப்பிலையைக்கூடச் சேர்த்தே வைத்திருக்கிறாளே என்று நெகிழ்ந்துபோனேன். இரண்டு படி அளந்து, ஏழு தடவை கழுவி, உலையில் போட்டேன். பக்கத்து அடுப்பில் மொச்சைக் குழம்பை ஏற்றினேன்.

அப்புறம் மேகம் வீட்டுக்குள் வந்துவிட்டது. மழைக் காலத்தில் எங்கள் வீட்டுக்குள் அது கேட்காமலே வரும். கதவு வழியாக வந்த மேகமும் அடுப்பிலிருந்து எழுந்த புகையும் கூடத்தின் நடுவில் சந்தித்துக்கொண்டன. எது புகை, எது மேகம் என்று கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். வெளியே பலாமரம் மறைந்தது, திரும்ப வந்தது, மறுபடி மறைந்தது. அந்த வெள்ளைக்குள் மல்லிகா வண்டி ஓட்டிக்கொண்டு போவது தெரிந்தது. வளைவுகளில் லாகவமாக ஒடிக்கிறாள், பின்னால் புளிமூட்டை மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன், சக்கரம் தரையிலேயே படவில்லை. அவ்வளவு சுகமாக நான் எங்கேயும் பயணம் போனதில்லை.

என்னைத் தரைக்குக் கொண்டுவந்தது மொச்சை தீய்ந்த வாசனை. பக்கத்து அடுப்பில் குழம்பு என்று ஒன்று இருந்த இடத்தில் கரி இருந்தது. சாமை மட்டும் கொதித்துக்கொண்டே இருந்தது, வேகவில்லை. இன்னும் தண்ணீர் ஊற்றினேன். இன்னும் விறகு வைத்தேன். அதற்குள் மாமனார், மல்லிகா, சரஸ்வதியக்கா மூன்று பேரும் வந்து தட்டு முன் உட்கார்ந்துவிட்டார்கள்.

மாமனார் ஒரு வாய் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பிறகு வாயிலிருந்து ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"மாப்ள, இத எங்கருந்து எடுத்த?"

பானையைக் காட்டினேன்.

"அடப்பாவி! வெத சாமைய ஆக்கி வச்சினுகீறியே!"

பத்து நாளில் விதைக்க வேண்டிய சாமை. உமி நீக்காதது. பூச்சி வராமல் இருக்கச் சாம்பல் கலந்து வேப்பிலை போட்டு வைத்தது. நான் மலையில் பிறந்தவன், வருஷா வருஷம் இதே சாமையை இதே கையால் விதைத்தவன், வேப்பிலையைக் கறிவேப்பிலை என்று நினைத்து நெகிழ்ந்திருக்கிறேன். சரஸ்வதியக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

மல்லிகா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "அக்கா, என் பேர அடிச்சுடுங்க" என்றாள். சொன்னவள் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜெயித்த மாமனார் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவரோ மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"பசிக்குது. நகரு மாப்ள."

மல்லிகா ஓடி உதவப் போனாள். "பொம்பள கிட்ட வராத!" என்று பழக்கதோஷத்தில் ஒரு அதட்டல் போட்டார்.

"இது கோயில் இல்ல மாமா, வூடு" என்றார் சரஸ்வதியக்கா.

மாமனார் மூலையிலிருந்த பெரிய சாமையரிசி டப்பாவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். "நாலு பேருக்கு எவ்ளோ போடறது?" என்று மெதுவாகக் கேட்டார். நம்ப முடியாமல் பார்த்தோம். "எனக்கு முந்நூறு பேருக்குத்தான் கணக்கு தெரியும்" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் பார்த்ததே இல்லை. கடைசியில் டப்பாவை அப்படியே கவிழ்த்தார்.

நான் அடுப்பு ஊதினேன். பக்கத்து வீட்டுப் பெரிய குண்டான் வந்தது, எதிர் வீட்டு மொச்சை வந்தது. வாசனை போகப் போக ஊரே தட்டோடு வந்தது. ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்த ஜீப் டிரைவர், கடைசியில் தானும் ஒரு தட்டு கேட்டு உட்கார்ந்துவிட்டார். பதின்மூன்று வீட்டுக்கும் போட்டு, இன்னும் மீந்தது.

சரஸ்வதியக்கா வாய் நிறைய சோற்றோடு கேட்டார்: "ஏன் மாமா, ஆம்பள அடுப்பாண்ட குந்தக் கூடாதுனு யாரோ சொன்னாங்களே, அது யாரு?"

மாமனார் கரண்டியைக் குண்டானில் சாய்த்து வைத்தார். "அவ பேரு இருக்கட்டும். நான் வந்து மாப்ளயோட இருக்கறேன்" என்றார்.

மல்லிகா போனாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த மாதம் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. முதல் வாரம் முப்பது பேருக்கு ஆனது, அடுத்த வாரம் பதினைந்து, மாதக் கடைசியில் ஆறு. (அளவு குறையக் குறைய அக்கம்பக்கத்தில் எங்கள் மேல் வருத்தம்.) விதைக்கு மாமனார் தன் வீட்டுச் சாமையைக் கொண்டுவந்து கொடுத்தார், பானையை மட்டும் என் கையில் தரவில்லை. மல்லிகா லைசென்ஸோடு திரும்பி வந்தாள்.

மாமனார் வீடு போய்ச் சேர்ந்த அன்று மாமியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "முப்பத்தஞ்சு வருசமா இந்த வூட்ல நானும் ஒருத்தி கீறேனே, கண்ணுக்குத் தெரியலியா?" மாமனார் நேராக அடுப்படிக்குப் போயிருக்கிறார். இரண்டு பேருக்கு ஆறு பேர் சோறு ஆக்கி, அவரே தட்டில் போட்டு, எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்திருக்கிறார். மாமியார் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, "உப்பு கம்மி" என்றாராம். மறுநாள் உப்பைப் பார்த்துப் பார்த்துப் போட்டு மறுபடி ஆக்கினார். அன்றைக்கும் "உப்பு கம்மி." இப்படியே ஒரு வாரம். ஏழாம் நாள் மாமியார் மகளிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார்: "உப்பெல்லாம் மொத நாளே சரியாத்தான் இருந்துச்சுடி. நல்லா கீதுனு சொல்லிட்டா நிறுத்திடுவாரேனு சொன்னேன்."

இப்போது எங்கள் குடும்பத்தில் எந்த ஆம்பளை ஆக்கிப் போட்டாலும் இதுதான் தீர்ப்பு. நேற்று மத்தியானம் மல்லிகா வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். சாமைச் சோறும் கீரையும் போட்டேன். முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டு, "உப்பு கம்மிங்க" என்றாள். நான் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.