இரண்டாவது கையெழுத்து

ஆர்வில் "முடியாது" என்று பதில் போட்டிருந்தான். லைல் சோரன்சன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான். முடியாதுதான்.

இதில் சங்கடம் என்னவென்றால், ஆர்வில் என்று ஓர் ஆளே கிடையாது.

அமெரிக்காவில், ஏரிக்கரையிலுள்ள டுலூத் நகரில், வீட்டின் கீழறையில் உட்கார்ந்து லைல் நடத்திவந்த மென்பொருள், பனி தள்ளும் வண்டிகளுக்கு வழி சொல்வது. இலவசம். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தம் அனுப்பலாம், அனுப்பியும் தொலைப்பார்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு பேர் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் சேர்க்கலாம் என்பது விதி. அனுப்ப ஊரே வந்தது, படிக்க ஒரு ஈ காக்கை வரவில்லை. லைல் என்ன செய்வான்? ஆர்வில் என்று ஒரு கணக்கைத் தொடங்கி, அந்தக் கையெழுத்தையும் தானே போட்டுவந்தான்.

இப்போது லைலின் சொந்தத் திருத்தத்துக்கே ஆர்வில் எழுதியிருந்தான்: "இதைச் சேர்த்தால் வண்டி நேராக ஏரிக்குள் போகும்."

லைல் ஓட்டிப் பார்த்தான். போகத்தான் செய்தது.

எவனோ புகுந்துவிட்டான் என்று கடவுச்சொல்லை மாற்றினான். "பழையதற்கு இது தேவலை" என்று ஆர்வில் நன்றி சொன்னான்.

கணக்கையே அழித்தான். காபி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் ஆர்வில் திரும்பி வந்து, ஒரு வருடமாகத் தேங்கிக் கிடந்த திருத்தங்களையெல்லாம் படித்து, வரிசைப்படுத்தி, சேர்த்தும் முடித்திருந்தான். ஒவ்வொன்றிலும் இரண்டு கையெழுத்து. இரண்டாவது லைலுடையது. லைல் போடவே இல்லை.

உண்மையைச் சொன்னால் அந்த மென்பொருள் கையைவிட்டுப் போகும். அவனுக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான். இருந்தாலும், அதிகமாகத் திருத்தம் அனுப்பும் ஃபார்கோ ஊர்க்காரி பெர்னிஸை முதன்முதலாகப் போனில் கூப்பிட்டான்.

"லைல் பேசறேங்க. மானம் போனாலும் போகட்டும், சொல்லிடறேன். ஆர்வில்னு யாருமே இல்லை. நான் உண்டாக்கின ஆளு."

"அடப் போங்க! அவர்தான் காலையிலேயே எல்லாருக்கும் சொல்லிட்டாரே."

"என்னன்னு?"

"லைல்னு யாருமே இல்லையாம். ரெண்டாவது கையெழுத்துக்காக அவரே உண்டாக்கினாராம். பாவம், மன்னிப்புகூடக் கேட்டாரு. நாங்களும் போனா போகுதுன்னு விட்டுட்டோம்."

"அப்போ உங்ககிட்ட இப்ப பேசறது யாரு?"

"அதைத்தாங்க நானும் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு பெர்னிஸ் போனை வைத்துவிட்டாள்.

லைல் கணினியில் தன் பெயரைத் தட்டித் தேடினான். அப்படி ஒரு பெயர் இல்லை என்றது திரை. இன்னொரு முறை தட்டினான். இல்லவே இல்லை என்றது.

எழுந்து மாடிப்படி ஏறி ஓடினான். யார் என்ன சொன்னால் என்ன, கட்டின மனைவிக்குத் தெரியாதா தான் யாரென்று! கார்லா அடுப்பில் வெந்த ஹாட்டிஷ் என்ற இறைச்சி உணவை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவனுக்கு உயிரே வந்தது.

கார்லா திரும்பிப் பார்த்தாள்.

"என்ன ஆர்வில், முகமெல்லாம் வெளுத்துப் போச்சு? அந்த லைலை ஒருவழியா அழிச்சிட்டியா இல்லையா?"